தனியாக நிற்கப் போனேன், சாரும் கூட வந்தார்

எனக்குத் தனியாக நிற்கத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கும் நேர்காணலுக்கு, எங்கள் சாரையும் கூட்டிக்கொண்டு பினாங்கு போனேன். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். தாராளமாகச் சிரியுங்கள். கைடும் நேரில் வர வேண்டும் என்பது பணம் கொடுக்கிறவர்கள் போட்ட விதி. இதில் என் தப்பு ஒன்றும் இல்லை.

நான் வாய்ப்புற்றுநோயில் ஆராய்ச்சி செய்கிறவள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் சென்னையில் அதே லேபில், அதே சாரிடம், அதே மூலை மேஜையிலேயே குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். இப்படித் தேங்கிக் கிடப்பவர்களைத் தூக்கிவிட்டு, 'இந்தா பணம், போய் உன் சொந்த லேபை நடத்து' என்று சொல்வதற்கு ஆசியா முழுவதற்கும் பொதுவாக ஒரு நிதி இருக்கிறது. சம்பளம் தருவார்கள், இரண்டு மாணவர்கள் வைத்துக்கொள்ளலாம், செல்களை உறையவைக்கும் பெட்டி வாங்கலாம், ஐந்து வருஷத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம்.

ஆனால் நிபந்தனைகளைப் பார்த்தால் கல்யாணப் பேச்சு தோற்றுவிடும். பட்டம் வாங்கி இத்தனை வருஷத்துக்குள் கேட்க வேண்டும். எனக்கு இதுதான் கடைசித் தடவை. புது இடத்தில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கொடுத்திருந்தது. என் வேலை கைடின் வேலைக்குக் கிளை அலுவலகமாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கைடு தேர்வுக்குழுவின் முன்னால் உட்கார்ந்து, 'இவள் இதை எடுத்துக்கொண்டு போகிறாள், இனி நான் இதைத் தொட மாட்டேன்' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

'இது' என்றால் என் புற்றுநோய்ச் செல்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, நோயாளிகளிடம் கெஞ்சி வாங்கிவந்த ஈறுத் துணுக்குகளிலிருந்து நான் வளர்த்தவை. தீபாவளி, பொங்கல் பார்க்காமல் போய் அவற்றுக்குத் தீனி போட்டவள் நான். குப்பிகளின் மேல் ஒட்டியிருப்பது சாரின் லேப் பெயர். எனக்கு முன்னால் வெளியே போன சீனியர் ஒருவரை சார் வெறுங்கையோடுதான் அனுப்பினார். அவரால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க முடியவில்லை. இப்போது லேப்களுக்குக் கையுறை விற்கிறார். எங்கள் லேபுக்கும் அவர்தான் சப்ளை.

'அவர் என்ன சொல்லப்போகிறார் என்று முன்னாலேயே கேட்டிருக்கலாமே' என்பீர்கள். எங்கள் சாரை உங்களுக்குத் தெரியாது. அறுபது வயது, ஒல்லி, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு நாலு கேள்வி வரும். விமானத்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். சென்னையில் பெல்ட் போட்டவர் பினாங்கில்தான் கண் விழித்தார்.

விமான நிலையத்துக்கு வெளியே எங்களுக்கு வாய்த்த காரோட்டி ஒரு தமிழர். பெயர் சிவா. ஐம்பதைத் தாண்டியவர், சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு.

“வாங்க சார், வா தங்கச்சி. பசியாறிட்டீங்களா?” என்றார். இந்த ஊர்த் தமிழில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பெயர். கேட்ட மாத்திரத்தில் எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. நாம் இட்லி தின்கிறோம், இவர்கள் பசியாறுகிறார்கள்.

சார் முன் சீட்டில் உட்கார்ந்து சிவா அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் ஆரம்பித்துவிட்டார். “புகையிலை போடுவீங்களோ?”

“அதெல்லாம் அப்பா காலத்தோட போச்சு சார். நான் வேப் மட்டுந்தான், அந்த பேட்டரி சிகரெட்டு.”

“கொஞ்சம் ஆன்னு காட்டுங்க.”

சிவா அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவம், மனிதர் வாயைத் திறந்து காட்டினார். “இமிகிரேசன்ல கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க லா,” என்றார் பிறகு, இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு. அதற்குப் பிறகு நாங்கள் எங்கே போவதானாலும் அவரைத்தான் கூப்பிட்டோம். சாருக்கு அந்த வாய் ரொம்பப் பிடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு. தெரு முழுக்கப் பாட்டு அலறுகிறது, மல்லிகைப்பூ வாசனை, பட்டுப்புடவைக் கடை, எல்லாம் நம் தி. நகர் மாதிரியே, ஆனால் ஒருவரும் நம்மை இடித்துத் தள்ளவில்லை. சார் ரசத்தைக் குடித்துவிட்டு, “இதுக்கு நம்ம ஊர்லயே இருந்திருக்கலாமேம்மா,” என்றார். நல்ல நேரமாகப் பட்டது. “சார், நாளன்னைக்கு அவங்க உங்ககிட்ட கேக்கறப்ப...” என்று ஆரம்பித்தேன். “நாளன்னைக்கு மழை வரும், குடை வாங்கிக்க,” என்று சொல்லிவிட்டு மோருக்குக் கை காட்டினார்.

மறுநாள், நேர்காணல் நடக்கப்போகும் ஓட்டலை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று சார் கிளம்பினார். புரொஜெக்டர் சரியில்லை என்றால் என்ன செய்வதாம். நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். ஆனால் ஒரு ஊரைப் பஸ்ஸில் ஏறித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய கட்சி. பஸ் வந்தது, சார் ஏறினார், நானும் ஏறினேன். போகும் திசையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. “சார், இது எதிர்ப்பக்கம் போகுதோ?” என்றேன். “சுத்திக்கிட்டு வரும்மா,” என்றார். அவர் சொல்லிவிட்டால் பிறகு நான் பேசுவதில்லை. கையில் இருந்த செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்ப்பது மரியாதை இல்லை என்று சும்மா இருந்தேன். பஸ் சுற்றவே இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு போய், டுரியான் தோப்புகளுக்கு நடுவே, தீவின் மறுபக்கத்தில் பாலிக் புலாவ் என்ற சின்ன ஊரில் இறக்கிவிட்டது.

சிவா அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அலாமாக்! பாலிக் புலாவ்ல என்னா வேலை உங்களுக்கு? ஓட்டலுக்கு நேர் எதிர்ப்பக்கம் லா அது! அங்கியே இருங்க, நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருங்க. நான் காடிய எடுத்துக்கிட்டு வாறேன்.” இவர்களுக்குக் கார் என்றால் காடி, ஐயையோ என்றால் அலாமாக்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கச் சொன்னதை நான் சிரமேற்கொண்டேன். சந்தை ஓரத்தில் ஒரு சீனப் பாட்டி லக்சா விற்றுக்கொண்டிருந்தாள். புளிக்குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே வெள்ளரி, புதினா. சார் சுத்த சைவம். “ஃபிஷ்?” என்று பாட்டியிடம் கேட்டார். பாட்டி, “மீன் கொஞ்சூண்டு. குழம்பில் மட்டும்தான்,” என்று ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னாள். அந்தக் குழம்பே மீன்தான். சார் இரண்டடி பின்வாங்கினார். எனக்குப் பசி காதை அடைத்தது. ஒரு கிண்ணம் வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

சார் குடையைத் தரையில் ஊன்றியபடி என்னைப் பார்த்தார். “நீ இதெல்லாம் சாப்பிடுவியா?”

“சாப்பிடுவேன் சார்.”

“எப்பலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்து.”

இத்தனை வருஷம் லேபில் அவர் எதிரில் தயிர்சாதம் தின்றே காலத்தை ஓட்டியிருக்கிறேன். நான் தூத்துக்குடிக்காரி. சார் பக்கத்துக் கடைக்குப் போய், தீவிரமாக விலை பேசி, பலாப்பழத்துக்குத் தம்பி போல முள்ளும் நாற்றமுமாக இருந்த ஒரு டுரியானை வெட்டி வாங்கிவந்தார். ஒரு சுளையைப் பயந்துகொண்டே வாயில் போட்டவர், பிறகு நிறுத்தவே இல்லை. எனக்கு ஒரு சுளைதான் கிடைத்தது.

அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவிடலாம் என்று, “சார், என் செல்லுங்க...” என்றேன்.

“நம்ம செல்லுங்களுக்கு என்ன?” என்றார்.

கிண்ணத்தில் மிச்சமிருந்த குழம்பைக் குடித்து முடித்தேன். சிவா அண்ணன் வந்து, காருக்குள் டுரியான் வாசனை வரக்கூடாது என்று சாரை வெளியே நிற்கவைத்துக் கை கழுவச்சொல்லி, கழுவிய பிறகும் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கையுறை விற்கும் சீனியரின் முகம்தான் வந்து வந்து போயிற்று.

மூன்றாம் நாள் மழை பின்னி எடுத்தது, நடந்து போகிற தூரத்துக்கும் கார்தான். சாலையெல்லாம் நெரிசல், சிவா அண்ணன் ஏதேதோ சந்துகளில் புகுந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். இறங்கும்போது குடை சாரிடம் இருந்தது, நனைந்தது நான்.

கடலைப் பார்த்த அறை. தேர்வுக்குழுவின் தலைவர் நரைத்த தலையுடைய ஒரு சீனப் பெண்மணி, இந்த ஊர் மருத்துவர். அவரோடு இன்னும் மூன்று பேர். சாருக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கேட்கும்போது பேசினால் போதும் என்று அவரிடம் சொல்லியும் வைத்தார்கள். இதை எதற்குச் சொன்னோம் என்று அவர்கள் பிறகு நினைத்திருப்பார்கள்.

என் முதல் படத்தைத் திரையில் போட்டேன். நம் பக்கத்து வழக்கப்படி ஆராய்ச்சியின் தலைப்பு சின்னதாக, சாரின் புகைப்படம் பெரிதாக, கீழே 'என் வழிகாட்டிக்கு வணக்கங்கள்.'

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இது யார்?”

“எங்கள் சார்.”

“அவர்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறாரே?”

“ஆமாம்.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். எழுதியது நல்லதாக இருக்காது என்பது மட்டும் புரிந்தது.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூட்டத்தில் யார் பேசினாலும், கேள்வி வந்தால் முதலில் சாரின் முகத்தைப் பார்ப்போம். அவர் தலையை ஆட்டினால் நாங்கள் பதில் சொல்வோம். ஆட்டாவிட்டால் அவரே எழுந்து சொல்லிவிடுவார். பெரும்பாலும் ஆட்ட மாட்டார். ஊரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் பணிவாக இருக்கிறார்கள் என்று மெச்சுவார்கள். இங்கே முதல் கேள்விக்கே என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. சார் எழுந்து பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கும் திரும்பியது. “டாக்டர், கேள்வி அவருக்கு,” என்றார் தலைவர். சார் “யெஸ், யெஸ்” என்று உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. தனியாக நிற்கத் தெரியாது என்பதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிரமாதமாக நிரூபித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “மருந்து போட்டதும் உங்கள் செல்கள் செத்துப்போகின்றன. சில வாரம் கழித்துத் திரும்ப முளைக்கின்றன. அப்படி முளைப்பவை முதலிலேயே ஒளிந்துகொண்டிருந்தவையா, மருந்து பட்ட பிறகு மாறியவையா?”

“ஒளிந்துகொண்டிருந்தவை,” என்றார் சார், தயங்காமல். அது அவருடைய பழைய முடிவு. அதை வைத்துத்தான் அவர் பெயரே வாங்கினார். ஆனால் என் செல்கள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு செல்லாகப் பிரித்து வளர்த்துப் பார்த்திருந்தேன். சாரிடம் காட்டியபோது, “பாக்கலாம்,” என்றார். அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “நீங்களும் இதை ஒப்புக்கொள்கிறீர்களா?”

சாரைப் பார்த்தேன். சார் தலையை ஆட்டினார், பதில் சொல் என்று. இவ்வளவு நாளில் அத்திபூத்தாற்போல ஆட்டுகிற தலை, இப்போது பார்த்து ஆடுகிறது. ஆமாம் என்று சொன்னால் சார் மனம் குளிர்ந்து செல்களைத் தந்தாலும் தருவார். ஆனால் கிளை அலுவலகத்துக்கு இவர்கள் பணம் தர மாட்டார்கள். இல்லை என்றால் இவர்கள் தரக்கூடும், சார் தர மாட்டார். நாலு பேர் முன்னால் எங்கள் சாரை மறுத்துப் பேசிய ஆள் ஒருவரும் கிடையாது.

“இல்லை,” என்றேன். “சார் சொல்வது தப்பு.”

வேறு மாதிரி, நயமாகச் சொல்லியிருக்கலாம். பயத்தில் அப்படித்தான் வந்தது. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. தனித்தனியாக வளர்த்த செல்களில் எதிலும் ஆரம்பத்தில் அந்த எதிர்ப்பு இல்லை. மருந்து பட்டுச் சில நாளில்தான் வருகிறது. படம் படமாகப் போட்டுக் காட்டினேன். கழுத்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இன்னொருவர் குறுக்கே ஒரு கேள்வியை எறிந்தார். அது எந்த மருந்து, எந்த அளவில் என்ற நுணுக்கமான கேள்வி. அவர் சாரைப் பார்த்துத்தான் கேட்டார். சார் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நான்தான் பதில் சொன்னேன்.

தலைவர் பேனாவை வைத்துவிட்டு சாரிடம் கேட்டார்: “இவர் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம்?”

சார் எழுந்து நின்றார். “என் விடையை நான் சொன்னேன். அவள் விடையை அவள் சொன்னாள். இந்த இரண்டும் ஒரே லேபில் இருக்க முடியாது. அவளை அனுப்பிவிடுங்கள். செல்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகட்டும். நான் தொட மாட்டேன்.” குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இது கோபமா, வாழ்த்தா? எனக்கு விளங்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் நன்றி சொல்லக்கூட அவர் அங்கே இல்லை.

காரில் சார் சிவா அண்ணனின் வாயைக்கூடப் பார்க்கவில்லை. சிவா அண்ணன் பொறுத்துப் பார்த்தார். “என்னா சார், மொகமே சரியில்ல?”

“இவ எல்லார் முன்னாடியும் நான் சொன்னது தப்புன்னுட்டா.”

“அலாமாக்! அப்ப தங்கச்சிக்கு வேலை போச்சா?”

“எங்க போச்சு? கிடைச்சிரும்,” என்றார் சார், கடுகடுவென்று. “நல்லாதான் சொன்னா.”

“நல்லா சொன்னா ஏன் சார் மூஞ்சிய இப்டி வச்சிருக்கீங்க?”

சாயங்காலம் ஏழு மணிக்குத் தலைவரே தொலைபேசியில் கூப்பிட்டார். கிடைத்துவிட்டது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, நிபந்தனைகளை மறுபடி நன்றாகப் படித்துப் பாருங்கள் என்றார், சிரித்துக்கொண்டே. முதல் படத்தையும் மாற்றிவிடச் சொன்னார். நான் போய்ச் சொன்னதும் சார், “ம், நல்லது,” என்று தலையை ஆட்டினார்.

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் சார் தண்ணீர்மலைக்குப் போக வேண்டும் என்றார். மலைமேல் முருகன் கோயில். தைப்பூசத்துக்கு ஊரே திரண்டு ஏறுகிற படிகளில் அன்று நாங்களும் நாலைந்து பேரும்தான். கீழே சிவா அண்ணன், “மெதுவா ஏறுங்க சார், முருகன் எங்கயும் ஓடிட மாட்டாரு லா,” என்று சொல்லி அனுப்பினார். நான் முன்னால் போக, சார் குடையை ஊன்றி ஊன்றிப் பின்னால் வந்தார்.

பாதியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. கீழே ஊரும் கடலும் தெரிந்தன.

“கோமதி,” என்றார். என்றைக்கும் 'என்னம்மா'தான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ முக்கியம் என்று அர்த்தம். “நேத்து ராத்திரி நீ காட்டின படத்தையெல்லாம் மறுபடி பாத்தேன். நீ சொல்றதுதான் சரி. நானே ஒருவாட்டி செஞ்சு பாக்கணும்னு ஆசையா இருக்கு. அந்த செல்லுல ஒரே ஒரு குப்பி எனக்குத் தருவியா?”

எங்கள் சார் என்னிடம் கேட்கிறார். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு குப்பியாகவே தந்துவிடலாம். ஆனால் முந்தின ராத்திரி நானும் நிபந்தனைகளைப் படித்திருந்தேன். முதல் மூன்று வருஷம் பழைய கைடுக்கும் அந்தச் செல்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. மீறினால் பணத்தை நிறுத்திவிடுவார்கள்.

“முடியாது சார்,” என்றேன்.

நான் அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அழுதேன், அவர் முன்னாலேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. சார் பதறிப்போய்க் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை.

“அட, இதுக்குப் போய் அழுவாங்களா? கரெக்டாத்தான் சொல்றே. குடுத்திருந்தா நானே திட்டியிருப்பேன்,” என்றார். பிறகு என் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி, “அப்ப இனிமே நான் என்னம்மா பண்றது?” என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் நான் பதில் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.